சுவரோரம் வைத்த குடங்கள்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் போடும் பகுதியில் வேலை. பண்டல் சீட்டில் எண்ணும் ஊர்ப் பெயரும் எழுதியதைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன், ஊரார் படிக்க எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். கண் மங்கிய பெரியவர்கள் இருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே ஐந்தாறு இருக்கின்றன. நாங்கள் செய்த தப்பை அவர்களும் செய்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். நாங்கள் என்று எழுதியதும் சரியில்லை. அதைச் செய்தவன் நான்.

என் அக்கா பேச்சியம்மாளுக்கும் எனக்கும் பத்தொன்பது வயது வித்தியாசம். எனக்கு மூன்று வயதிருக்கும்போது அம்மா போய்விட்டாள். கல்யாணமான வருடமே அத்தானைப் பறிகொடுத்து வீடு திரும்பியிருந்த அக்காதான் என்னை வளர்த்தாள். பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிகளைச் சட்டத்தில் சொருகிக் கட்டை அடுக்கிவிட்டு வந்து எனக்குச் சோறு ஊட்டுவாள். நான் இருமினால் போதும், சளியா சூடா என்று சொல்லிவிடுவாள். எனக்கு முப்பது வயதில் ஓட்டப்பிடாரம் பக்கம் செல்வியைப் பார்த்துக் கட்டிவைத்ததும் அவள்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் மூன்றே பேர்.

கடைசி இரண்டு வருடமாக அக்காவின் வாயில் செல்வி என்ற பெயரைத் தவிர வேறு பெயர் இல்லாமல் போயிற்று. தண்ணீர் வேண்டுமா, செல்வி. சேலை கொசுவ வேண்டுமா, செல்வி. குழாயடிக்குப் போய்த் திரும்பும் செல்வியிடம் வெயில் ரொம்பவா என்று கேட்பாள். ஆபீஸிலிருந்து தீக்குச்சி மருந்து வாசனையோடு வந்து நிலைப்படி ஓரமாக நிற்கும் என்னை ஏன் என்று கேட்கமாட்டாள். சனிக்கிழமை தோறும் கடலை மிட்டாய் வாங்கி வந்து செல்வி கையில் கொடுப்பேன், நேரே கொடுக்க எனக்கு என்னவோ வெட்கம். அக்கா அதைக் கடித்துக்கொண்டே செல்வி வாங்கியது நல்ல பாகுப்பதம் என்பாள். நான் பக்கத்தில்தான் நிற்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல், நெஞ்சுக்குள் கரித்துக்கொண்டு போய்க் கை கால் கழுவுவேன்.

நாற்பத்தேழு வயதில் பெண்டாட்டி மேல் பொறாமை. அதுவும் வளர்த்த அக்காவுக்காக. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் அதை விட்டுவிட்டு எழுதினால் பிறகு நடந்தது யாருக்கும் விளங்காது.

அக்காவின் கண்ணில் ஏதோ கோளாறு என்று முதலில் சொன்னவளும் செல்விதான். நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்கிறாள், பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுகிறாள், யாராவது பக்கவாட்டில் வந்தால் திடுக்கிடுகிறாள் என்றாள். செல்வி சொன்ன ஒரே காரணத்துக்காகவே எனக்கு அதை ஒப்புக்கொள்ளப் பிடிக்கவில்லை. எதிர்ச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ராகு காலம் எமகண்டம் வரை அக்கா வாசிப்பாள். பொடி எழுத்து வாசிக்கிற கண்ணுக்கு என்ன கேடு என்று வாயை அடைத்துவிட்டேன்.

அது மழை பொய்த்த வருடம். எங்கள் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் வருகிற நாளில் வீட்டிலிருக்கும் குடம், அண்டா, வாளி, சோற்றுப்பானை வரை எல்லாம் நிறைந்து தரையில் உட்காரும். செல்வி ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து நடு அறையின் மத்தியில் குவியலாக இறக்கிவைப்பாள். பச்சை, நீலம், சில்வர் எல்லாம் கலந்து சந்தை மாதிரி கிடக்கும். எனக்கு அது பிடிக்காது. பண்டல் அடுக்கிப் பழகிய கை. எதுவும் சுவரோடு ஒட்டி வரிசையாக இருக்க வேண்டும்.

அப்படித் தண்ணீர் வந்த ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தேன். செல்வி குழாயடியில் நின்றாள். அக்கா உள்ளே படுத்திருந்தாள். நடு அறையில் பன்னிரண்டு குடம் குறுக்கே கிடந்தது. கண் சரியில்லை என்று பேசத் தெரிகிறது, வழியில் குடத்தைப் பரப்பக் கூடாது என்று தெரியவில்லையே என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷம்தான். ஒவ்வொன்றாகத் தூக்கி, கொல்லைக்குப் போகும் நடையில் சுவரோரமாக வரிசை பிசகாமல் அடுக்கினேன். சாயந்தரம் அக்காவிடம் சொல்லலாம், யார் உன்னை அக்கறையாகப் பார்க்கிறார்கள் என்று தெரியட்டும், என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சாப்பிடக் கை கழுவுவதற்குள் அக்கா எழுந்து கொல்லைக்குப் போனாள். எப்போதும் சுவரைத் தடவிக்கொண்டுதான் போவாள். அதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். நாலாவது குடத்தில் கால் தட்டி, குடத்தோடு பக்கவாட்டில் சாய்ந்தாள். தண்ணீர் நடை முழுக்க ஓடியது. கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. சத்தம் கேட்டு இடுப்புக் குடத்தோடு ஓடிவந்த செல்வியைப் பார்த்து அக்கா கேட்டாள்.

"ஏட்டி செல்வி, குடத்த எங்கட்டி வச்ச?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து அக்காவின் தலையைத் தூக்கிக்கொண்டேன்.

வாடகை வேனில் பின் சீட்டை மடக்கிப் படுக்கவைத்து, திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் தொடை எலும்பு, இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதியில் முறிந்திருந்தது. வயதானவர்கள் விழுந்தால் பெரும்பாலும் அந்த இடம்தான் போகும், தானாகச் சேராது, ஆபரேஷன் செய்து தகடும் திருகும் வைத்தால்தான் மறுபடி நிற்கலாம் என்றார் எலும்பு டாக்டர். ரத்த அழுத்தம் தாறுமாறாக இருந்ததால் உடனே செய்யவில்லை. காலில் பட்டை கட்டி, கட்டில் நுனியில் எடைக்கல் தொங்கவிட்டு, எலும்பை இழுத்துப் பிடித்தபடி ஆறு நாள் மல்லாக்கவே கிடத்தினார்கள். முதுகு புண்ணாகிவிடாமல் இரண்டு மணிக்கொரு தரம் தூக்கிப் பவுடர் போட வேண்டும்.

பெண்கள் வார்டு. சாயந்தரம் ஆறு மணிக்கு மேல் ஆண்கள் இருக்கக் கூடாது. இரவெல்லாம் செல்விதான் கட்டிலுக்கடியில் பாய் விரித்துக் கிடந்தாள். நான் வெளியே வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில். ஆஸ்பத்திரிச் சட்டம் கூட அவள் பக்கம்தான் என்று அப்போதும் ஒரு கரிப்பு வந்தது. மனுஷன் எவ்வளவு கேவலம் பாருங்கள்.

ஆனால் காலையில் நான் உள்ளே போனபோது நிலைமை மாறியிருந்தது. செல்வி கஞ்சி ஊட்டப் போனால் அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"அவ கையால வேண்டாம். தம்பி வரட்டும்."

இரண்டு வருடமாகக் கேட்காத வார்த்தை. கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். செல்வி பெட்பேனை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். அதற்கு மட்டும் அவள் கை வேண்டியிருந்தது.

அந்த ஆறு நாளும் எனக்கு நல்ல நாட்கள். சொல்லக் கூடாது, ஆனால் உண்மை. பக்கத்துக் கட்டில்காரிகளிடம் அக்கா, என் தம்பி ஊட்டினால்தான் இறங்குது என்று சொல்வாள். அதே வாயால், கண்ட இடத்தில் குடத்தை வைத்து என்னைக் கிடையில் தள்ளிவிட்டாள் என்று செல்வியைப் பற்றியும் சொல்வாள். செல்வி காது கேட்காதவள் போல அக்காவின் சேலையை மடித்துக்கொண்டிருப்பாள். நான் கரண்டியைக் கிண்ணத்தில் கலக்கிக்கொண்டே இருப்பேன்.

கண் விஷயம் வெளியே வந்தது ஒரு டம்ளரால். ரவுண்ட்ஸ் வந்த சின்ன டாக்டர், கட்டிலோரம் ஸ்டூலில் இருந்த டம்ளரை அக்கா மூன்றாவது தடவை தட்டிவிட்டதைப் பார்த்துவிட்டு, கண் டாக்டரை வரச்சொல்லி எழுதினார். சாயந்தரம் ஒரு டாக்டரம்மா வந்தார். கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தச் சொல்லி, அக்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்து நின்றார். கண்ணில் சொட்டு விட்டு, பேனா மாதிரி ஒரு கருவியைக் கருவிழியில் தொட்டுத் தொட்டு எடுத்தார். பிறகு தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் விரித்து, விரலை ஆட்டினார்.

"அம்மா, எத்தனை விரல் ஆடுது?"

"எங்கன ஆட்டுதீங்க?" என்றாள் அக்கா.

கை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. டாக்டரம்மாவின் காதுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் அக்கா இரண்டு என்றாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"உங்க தம்பி எங்கம்மா?"

"அவன் காப்பி வாங்கப் போயிருக்கான்லா."

நான் அவள் தலைமாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையை நீட்டினால் அவள் தோள். காப்பி வாங்கி வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.

வராந்தாவில் வைத்து டாக்டரம்மா விளக்கினார். கண்ணுக்குள் எப்போதும் ஒரு நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்குமாம். வடியும் வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். வலிக்காது, சிவக்காது. ஓரப் பார்வைதான் முதலில் போகும். நேரே பார்ப்பது கடைசிவரை தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. கிளாகோமா என்று பெயர். போன பார்வை போனதுதான். தினமும் தவறாமல் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். விட்டுவிட்டால் அதுவும் போகும். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும் என்றும் சொன்னார். காலண்டர் ஞாபகம் வந்தது.

மருந்துச் சீட்டைக் குழலாகச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்து, மறு கண்ணை மூடிக்கொண்டு வராந்தாவில் நடந்து பார்த்தேன். கோடியில் தொங்கிய போர்டை எழுத்துக் கூட்டாமல் வாசிக்க முடிந்தது. நாலாவது எட்டில் முழங்கால் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தில் மோதியது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வேறு சமயமானால் வெட்கத்தில் செத்திருப்பேன். அன்றைக்கு அது உறைக்கவில்லை. நடு அறையில் குவித்த குடத்தை அக்கா நேரே பார்த்துச் சுற்றிப் போயிருப்பாள். சுவரோரம் வைத்ததுதான் அவளுக்குத் தெரியாத இடம். தெரியாத இடத்தைத்தான் அவள் கையால் தடவித் தடவி நடந்தாள்.

பிற்பாடு வீட்டில் செய்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். எங்கள் வீட்டில் இப்போது தரையில் குடம் கிடையாது. அடுப்படியில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் திண்டு கட்டி எல்லாம் அதன் மேல்தான். சுவரோரம் விளக்குமாறு கூட வைப்பதில்லை, அது அக்காவின் ரோடு. கொல்லைவரை இடுப்பு உயரத்தில் பழைய தண்ணீர்க் குழாயைச் சுவரில் பதித்துப் பிடியாக்கியிருக்கிறோம். நிலைப்படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட். கதவு என்றால் முழுக்கத் திறந்திருக்கும், இல்லை முழுக்கச் சாத்தியிருக்கும், பாதியில் நிற்கக் கூடாது. நடு அறையில் குண்டு பல்பை எடுத்துவிட்டு டியூப்லைட். மிதியடிச் சாக்கை எடுத்துவிட்டோம். சொட்டு மருந்து எப்போதும் ஒரே மாடத்தில். யாரும் அக்காவுக்கு முன்னால் வந்து நின்று பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். என் வீட்டுக்குள் நானே, சண்முகம் வந்திருக்கேன் என்று சொல்ல முதலில் கூச்சமாக இருந்தது. பழகிவிட்டது.

ஆபரேஷன் ஏழாம் நாள் நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். இரண்டு மணி நேரம். செல்வியும் நானும் வெளியே ஒரே பெஞ்சில் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தோம். ஏன் அக்காவிடம் உள்ளதைச் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"நீங்க சொல்லுவீயன்னு பாத்தேன்" என்றாள். அவ்வளவுதான். பிறகு பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். எனக்கு மட்டும் மிளகாய்ப்பொடியில் நிறைய எண்ணெய் விட்டுக் குழைத்துக் கட்டச் சொல்லி வாங்கியிருந்தாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் வாக்கரைப் பிடித்து அக்கா இரண்டு எட்டு வைத்தாள். வார்டே பார்த்தது. மறுபடி படுக்கவைத்ததும் என்னைக் கூப்பிட்டு, டிஸ்சார்ஜ் ஆனதும் நேராகப் புதூர்ப் பக்கம் எங்கள் சித்தி மகள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னாள். அங்கே ஒரு மூலையில் கிடந்துகொள்வாளாம். செல்வி புழங்கும் வீட்டில் இன்னொரு தடவை விழத் தெம்பில்லையாம்.

சித்தி மகள் வீடு எனக்குத் தெரியும். வாசலிலேயே ஆட்டுப்பட்டி. மூன்று படி ஏறி உள்ளே போனால் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும். கக்கூஸ் கிடையாது, கரிசல் வெடிப்பைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குத்தான் போக வேண்டும். அவர்களே பாதி நாள் வேலைக்கு வெளியூர் போகிறவர்கள். காலையும் ராத்திரியும் சொட்டு மருந்து யார் விடுவார்கள்? அங்கே போனால் இருக்கும் குழல் பார்வையும் போய்விடும், இல்லை மற்ற காலும் போய்விடும்.

இத்தனையும் தெரிந்தும் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அங்கே செல்வி இருக்கமாட்டாள் என்ற யோசனை. ஞாயிறு தோறும் நான் மட்டும் பஸ் ஏறிப் போவேன், அக்கா என் வரவைப் பார்த்துக் காத்திருப்பாள் என்ற யோசனை. அக்காவின் கண்ணையும் காலையும் ஒரு தட்டில் வைத்து, என் பொறாமையை மறு தட்டில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேடாக நான் ஆயுளில் எதுவும் நினைத்ததில்லை.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் சாயந்தரம். செல்வி பாத்திரம் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள். நான் கட்டிலைச் சுற்றி வந்து அக்காவின் முகத்துக்கு நேராக நின்றேன். அவள் கண் என் மேல் வந்து நின்றது.

"அக்கா, குடத்த நான்தான் வச்சேன்."

"எந்தக் குடத்த?"

"அன்னைக்கு. செல்வி நடுவுலதான் வச்சிருந்தா. நான்தான் எடுத்துச் சுவரோரமா அடுக்கினேன்."

"எதுக்குலே?"

"வழியில கெடக்கேன்னு."

அவள் கை போர்வை விளிம்பைப் பிடித்து மடித்து மடித்து விட்டது. கட்டை அடுக்கிய விரல், சும்மா இருக்காது.

"இத்தன நாளா அவள வையுதேன். நீ பாத்துக்கிட்டா இருந்த?"

"ஆமா."

"அவ மேல ஒனக்கு என்னலே கோவம்?"

பொய் ஒன்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

"நீ எதுக்கெடுத்தாலும் அவளத்தான கூப்பிடுத."

அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஏழு கழுத வயசாச்சு ஒனக்கு. அவ கூப்பிட்டா மூஞ்சிக்கு நேர வந்து நிக்கா, வாய் ஓயாம பேசுதா. நீ குடம் மாதிரி சுவரோரமா நின்னா நான் என்னத்தக் கண்டேன்? நீ வீட்ல இருக்கியா இல்லியான்னே எனக்கு ரெண்டு வருசமாத் தெரியாது. பய நம்மள வெறுத்துட்டான்னுல்லா நெனச்சேன்."

சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "செல்விய வரச்சொல்லு" என்றாள்.

குழாயடிக்குப் போய்ச் சொன்னேன். செல்வி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள். நான் பாத்திரத்தைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு போவதற்குள் ஆறு மணி ஆகிவிட்டது. நர்ஸம்மா வார்டு வாசலில் நின்றுகொண்டு, ஆம்பளைகள் வெளியே போகலாம் என்றார். கூடையை மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். செல்வி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அக்கா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இதுவரை என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு டிஸ்சார்ஜ் ஆனது. வேன் டிரைவர் புதூரா கோவில்பட்டியா என்று கேட்டபோது, கோவில்பட்டி என்று அக்காவே சொன்னாள். பின்னால் அவள் செல்வி மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். நான் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். கயத்தாறு வருவதற்குள் அக்கா தூங்கிவிட்டாள்.